20 பேருக்கு வீட்டிலேயே இலைச் சாப்பாடு: அடுப்பை எண்ணுவதில் தொடங்கும் முழு வழிகாட்டி

நாலு பேருக்குச் சாம்பார், ரசம், பொரியல் வைக்கத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். செய்முறை இதில் குறைவுதான். அதே சமையலை 20 பேருக்கு, சாதாரண வீட்டு அடுப்பில், காண்ட்ராக்டர் இல்லாமல் செய்யும்போது எந்த வேலை முன்னால், எது பின்னால், ஏன் என்பதுதான் விஷயம். புதிதாக இறங்குகிறவர்கள் ருசியில் சறுக்குவதை நான் அதிகம் பார்த்ததில்லை. இரண்டே பர்னர் இருக்கும்போது நாலு பண்டம் ஒரே நேரத்தில் அடுப்பு கேட்கும், சிக்கல் அங்கேதான். கீழே உள்ளது சைவ விருந்து, மதியம் 12.30க்கு முதல் பந்தி, பந்திக்குப் பத்துப் பேர் என்ற கணக்கு.

1. அடுப்பை எண்ணுங்கள், பிறகு பட்டியல் போடுங்கள்

வழக்கமாக என்னென்ன செய்யலாம் என்று ஆசையில் தொடங்குவோம். அதற்கு முன் வீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பர்னர் கேஸ் அடுப்பும் ஒரு இண்டக்‌ஷனும் இருந்தால் இந்த விருந்துக்குப் போதும். இண்டக்‌ஷன் இல்லையென்றால் ஒரு நாளுக்கு இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் பெரிதாக எதையும் சமைக்கப் போவதில்லை. வெந்நீர் போடவும் சூடு காட்டவும் ஒரு இடம் வேண்டும்.

பட்டியல் போடும்போது ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: இதைக் கடைசி அரை மணி நேரத்தில்தான் செய்ய வேண்டுமா? ஆம் என்று வருவது இரண்டுக்கு மேல் போகக் கூடாது. வடை, அப்பளம் இரண்டோடு நிறுத்துங்கள். பூரி, பஜ்ஜி, சுடச்சுட ஜிலேபி என்று மூன்றாவது ஏறினால் விருந்தாளி வரும்போது நீங்கள் எண்ணெய்ச் சட்டி முன்னால்தான் நிற்பீர்கள்.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்ளும் பட்டியல்: சாதம், பருப்பு, நெய், முருங்கைக்காய் சாம்பார், தக்காளி ரசம், பீன்ஸ் கேரட் பொரியல், சௌசௌ கூட்டு, உருளைக்கிழங்கு வறுவல், தயிர்ப் பச்சடி, பருப்பு வடை, அப்பளம், பாசிப்பருப்புப் பாயசம், தயிர், ஊறுகாய். வத்தக்குழம்பு, அவியல் எல்லாம் அடுத்த முறைக்கு. வாழைப்பூவும் சேனையும் வேண்டவே வேண்டாம். சுத்தம் செய்கிற நேரத்தில் பாதிச் சமையல் முடிந்துவிடும்.

2. கூப்பிடும்போதே கேட்டுவிடுங்கள்

"எத்தனை பேர் வருவீங்க, சின்னப் பிள்ளைங்க எத்தனை?" என்பதோடு இன்னும் மூன்று கேள்வி உண்டு. யாருக்காவது வேர்க்கடலை, முந்திரி போன்றவை ஒத்துக்கொள்ளாதா? பூண்டு வெங்காயம் சேர்க்காதவர் உண்டா? கீழே உட்கார முடியாதவர் எத்தனை பேர்? மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. பாயை விரித்து இலையும் போட்ட பிறகு, முழங்கால் வலியோடு ஒரு பெரியப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கூச்சத்தில் அவரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்.

3. அளவு

அரிசியிலிருந்து தொடங்குங்கள். இத்தனை பதார்த்தம் இருக்கிற இலையில் பெரியவருக்கு 125 கிராம் அரிசி போதும். 20 பேருக்கு 2½ கிலோ. பிள்ளைகள் அதிகமென்றால் 2 கிலோவே மிஞ்சும். கடையில் பழைய அரிசியா என்று கேட்டு வாங்குங்கள். புது அரிசி குழைந்துபோகும், பெரிய பாத்திரத்தில் இன்னும் சீக்கிரம் குழையும்.

துவரம்பருப்பு மொத்தம் 800 கிராம்: சாம்பாருக்கு 500, இலையில் நெய்யோடு போட 250, மீதி ரசத்துக்கு. புளி சாம்பாருக்கு 100 கிராம், ரசத்துக்கு 50. முருங்கைக்காய் 8, சின்ன வெங்காயம் அரை கிலோ, தக்காளி சாம்பாருக்கும் ரசத்துக்குமாகச் சேர்த்து 1¼ கிலோ. இதில் 4 லிட்டர் சாம்பாரும் 3 லிட்டர் ரசமும் வரும்.

பொரியலுக்குப் பீன்ஸ் 1½ கிலோ, கேரட் அரை கிலோ. கூட்டுக்குச் சௌசௌ 1½ கிலோ, பாசிப்பருப்பு 150 கிராம். உருளைக்கிழங்கு 2 கிலோ. வறுவலை மட்டும் குறைக்காதீர்கள், எல்லாரும் இரண்டாம் தரம் கேட்பது அதைத்தான்.

பாயசத்துக்குப் பாசிப்பருப்பு 300 கிராம், வெல்லம் 600 கிராம், பாலோ தேங்காய்ப் பாலோ 1 லிட்டர். தயிருக்கு 3 லிட்டர் பால். அதில் ஒரு பங்கு பச்சடிக்குப் போகும். வடைக்குக் கடலைப்பருப்பு 600 கிராம், சின்ன அளவில் தட்டினால் 40 வரும். அப்பளம் 40. தேங்காய் 3, பாயசத்துக்குத் தேங்காய்ப் பால் என்றால் மேலும் 2. நெய் 200 கிராம், எண்ணெய் 1½ லிட்டர். இலை 24 வாங்குங்கள், நாலு கிழியும்.

காரம், உப்பு, பெருங்காயம் மூன்றுக்கும் தனிக் கணக்கு. நாலு பேருக்குப் போடுவதை அப்படியே ஐந்தால் பெருக்கிக் கொட்டுவதுதான் புதியவர்கள் செய்வதிலேயே பெரிய தவறு. முதலில் நாலு மடங்கு போடுங்கள், கொதித்த பிறகு ருசி பார்த்து மீதியைச் சேருங்கள். தண்ணீருக்கும் இதே விதிதான். ஆழமான பாத்திரத்தில் உள்ள அளவுக்கு வாய் அகலம் கிடையாது, ஆவியாகிப் போவது குறைவு. வீட்டுக் கிண்ணத்தில் வற்றுகிற மாதிரி அண்டாவில் வற்றாது.

4. பாத்திரம், சிலிண்டர், ஆட்கள்

சோற்றுக்கு 10 லிட்டர் கொள்ளும் குண்டான், சாம்பாருக்கு 6 லிட்டர் அடுக்கு, அகல வாணலி ஒன்று, பெரிய ஹாட்பேக் இரண்டு, பரிமாற மூன்று சின்ன வாளி, ஐந்தாறு குழிக்கரண்டி. இல்லாததை வாடகைப் பாத்திரக் கடையில் எடுங்கள். எடுக்கும்போது குண்டானின் அடி உங்கள் பர்னர்மேல் ஆடாமல் உட்காருமா என்று யோசியுங்கள். கல்யாண அண்டாவைக் கொண்டுவந்து வீட்டு அடுப்பில் வைத்தால் அது பக்கத்து பர்னரையும் அடைத்துக்கொள்ளும். இரண்டு அடுப்பு ஒன்றாகிவிடும்.

14.2 கிலோ சிலிண்டர் எப்போது மாட்டியது என்று பார்த்து, மாற்று சிலிண்டர் நிரம்பி இருப்பதை உறுதி செய்யுங்கள். விருந்தன்று காலை புக் செய்தால் வராது.

ஆட்கள் உங்களோடு சேர்த்து மூன்று பேர் போதும். ஒருவர் அடுப்பு, ஒருவர் நறுக்குவதும் அரைப்பதும், ஒருவர் கழுவுவது. மூன்றாமவரைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். சாம்பார் இறங்கியதும் அந்தக் கரண்டி கூட்டுக்கு வேண்டும், குக்கர் உருளைக்கிழங்குக்கு வேண்டும். தொட்டியில் பாத்திரம் குவிந்தால் பத்தே மணிக்கு வேலை நின்றுவிடும்.

5. முந்தின நாள் சாயங்காலம்

பீன்ஸ், கேரட், சௌசௌ நறுக்கி, ஈரம் இல்லாமல் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். சின்ன வெங்காயத்தை உரித்து வையுங்கள். அந்த வேலைக்குப் பேச்சுத் துணை வேண்டும், டிவி முன்னால் உட்காரலாம். உருளைக்கிழங்கு தோலோடு வேகப் போகிறது, இரவே தொட வேண்டாம். சாம்பாரில் கத்தரிக்காய் சேர்ப்பதானால் மறுநாள் நறுக்கி நேராகத் தண்ணீரில் போடுங்கள், இல்லாவிட்டால் கறுத்துப்போகும்.

தேங்காயைத் துருவி மூன்று டப்பாவாகப் பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள்: பொரியலுக்கு, கூட்டுக்கு, பாயசத்துக்கு. மொத்தமாக ஒரே டப்பாவில் வைத்தால் முதல் ஆள் கை போட்டதிலேயே பாதி தீர்ந்துவிடும்.

வெல்லத்தை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒரு கொதி விட்டு, துணியில் வடிகட்டி வைத்துவிடலாம். எவ்வளவு நல்ல வெல்லமானாலும் அடியில் கொஞ்சம் மண் நிற்கும்.

தயிருக்கு உறை ஊற்றுவது காலத்தைப் பொறுத்தது. சித்திரை வெயிலில் ராத்திரி 10 மணிக்கு மேல், பால் கை பொறுக்கும் சூட்டுக்குக் கீழே வந்த பிறகு ஊற்றி, விடிந்ததும் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளுங்கள். மார்கழியில் எட்டு மணிக்கே ஊற்றி, பாத்திரத்தைத் துணியால் சுற்றி வையுங்கள். மதியம் புளித்த தயிரை இலையில் விடுகிற வீடுகளில் பெரும்பாலும் காலையில் அதை யாரும் ஃப்ரிட்ஜில் வைத்திருக்க மாட்டார்கள்.

இலையை நன்றாகத் துடைத்து, ஈரத் துணியில் சுருட்டி வையுங்கள். நடு நரம்பு தடிமனாக இருந்தால் பின்பக்கம் கத்தியால் லேசாகச் சீவிவிடுங்கள், தரையில் படிந்து உட்காரும்.

கடைசியாக, ஒரு தாளில் மறுநாள் நேரப் பட்டியலை எழுதி அடுப்புக்கு எதிரே ஒட்டுங்கள். 12.30இலிருந்து பின்னோக்கி எழுத வேண்டும். முன்னோக்கி எழுதினால் எல்லா வேலையும் காலையில் தாராளமாக இடம் பிடித்துக்கொண்டு 11 மணிக்கு மேல் நெருக்கும்.

6. காலை 7 முதல் 11 வரை

7 மணிக்குப் பெரிய பர்னரில் துவரம்பருப்பு. 5 லிட்டர் குக்கரென்றால் ஒரு ஈட்டுக்கு 400 கிராம், இரண்டு ஈடு. பருப்புக்குக் குக்கர் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. நுரை பொங்கி விசில் துளையை அடைத்துக்கொள்ளும். பருப்பில் புளியோ தக்காளியோ சேர்க்காமல் தனியாக வேக வையுங்கள், புளிப்பு பட்டால் வேகாது. வெந்ததும் மூன்றாகப் பிரியுங்கள். அதோடு, ஒரு டம்ளர் உப்பு போடாத பருப்பைத் தனியே எடுத்து ஒளித்து வையுங்கள். எதற்கென்று 10ஆம் பகுதியில் வரும்.

அதே நேரம் சின்ன பர்னரில் பாயசத்துப் பாசிப்பருப்பு. லேசாக வறுத்து, மசியும் வரை வேக விட்ட பிறகுதான் வெல்லப் பாகு. வெல்லம் முன்னாலேயே விழுந்தால் பருப்பு அப்படியே நின்றுவிடும், அதற்கு மேல் எவ்வளவு கொதித்தாலும் மசியாது. பாகு சேர்த்துப் பத்து நிமிடம் கொதித்ததும் இறக்கிவிடுங்கள். பாலை இப்போது ஊற்ற வேண்டாம்.

8 மணிக்குக் குக்கரில் உருளைக்கிழங்கு. வெந்ததும் தோலுரித்து நறுக்கி, தட்டில் பரப்பி நன்றாக ஆற விடுங்கள். சூடாக வாணலியில் போட்டால் கரைந்து மசியலாகிவிடும். இதற்காகத்தான் கிழங்கு இவ்வளவு சீக்கிரம் வேகிறது.

9 மணிக்கு இரண்டு வேலை. கடலைப்பருப்பை ஊற வையுங்கள், இரண்டு மணி நேரம் போதும். புளியை வெந்நீரில் போடுங்கள்.

9.15க்குச் சாம்பார் ஒரு பக்கம், கூட்டு ஒரு பக்கம். சாம்பாரில் முருங்கைக்காயும் வெங்காயமும் முக்கால் வேக்காடு வெந்த பிறகு புளித் தண்ணீர். பருப்புக்குச் சொன்ன காரணமே காய்க்கும். புளியின் பச்சை வாசனை போக 4 லிட்டருக்குக் கால் மணி நேரமாவது கொதிக்க வேண்டும். பிறகு பருப்பு, ஒரே கொதி, தாளிப்பு. இறக்கும்போது நீங்கள் விரும்புவதைவிடக் கொஞ்சம் தண்ணியாகவே இருக்கட்டும், மதியத்துக்குள் தானாகக் கெட்டிப்படும். கூட்டில் காயும் பருப்பும் வெந்ததும் ஹாட்பேக்குக்கு மாற்றிவிடுங்கள். அரைத்த தேங்காய் விழுது 12 மணிக்கு, சூடு காட்டும்போதுதான். தேங்காய் சேர்ந்த பண்டம்தான் வெயில் நாளில் முதலில் ஊசிப்போகும்.

10 மணிக்குப் பெரிய பர்னரில் உருளைக்கிழங்கு வறுவல், இரண்டு ஈடாக. 10.20க்குச் சின்ன பர்னரில் பொரியல், அதுவும் இரண்டு ஈடு. 2 கிலோ காயை ஒரே வாணலியில் அடைத்தால் அடியில் இருப்பது கரியும், மேலே இருப்பது ஆவியில் புழுங்கிச் சவசவவென்று ஆகிவிடும். பீன்ஸ் பச்சையாக நிற்க வேண்டுமானால் மூடி போடாதீர்கள்.

10.45க்குள் இத்தனையும் இறங்கியிருந்தால் நீங்கள் நேரத்தோடு இருக்கிறீர்கள். அரை மணி பின்தங்கியிருந்தால் கூட்டையோ பச்சடியையோ இப்போதே கைவிடுங்கள். இலையில் ஒன்று குறைந்ததை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

7. சோறு

வடித்த சோறுதான் இத்தனை பேருக்குச் சரி. குக்கரில் நாலைந்து முறை வைத்து எடுப்பது அடுப்பையே விழுங்கிவிடும். ஆனால் 2½ கிலோவையும் ஒரே தடவையில் வடிக்க முயலாதீர்கள். அந்தக் குண்டானைக் கொதிநீரோடு தூக்கிச் சாய்ப்பது பழகாத கைக்கு ஆபத்து. பந்திக்கு ஒன்றாக இரண்டு ஈடு, ஈட்டுக்கு 1¼ கிலோ.

10.45க்கு அரிசியைக் களைந்து ஊற வைத்து, 10.50க்குக் குண்டானில் 6 லிட்டர் தண்ணீர் ஏற்றுங்கள். வீட்டு பர்னரில் இது கொதிக்க 25 நிமிடம் வரை ஆகும். புதியவர்கள் கணக்கில் விடுவது இந்த 25 நிமிடத்தைத்தான். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே அரிசி. இடையில் இரண்டு முறை அடியிலிருந்து கிளறுங்கள். ஒரு பருக்கையை விரலில் நசுக்கிப் பாருங்கள்; நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரியும்போது வடித்துவிட வேண்டும். மீதி வேக்காட்டை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும்.

வடிப்பதற்குக் குண்டானைச் சாய்க்க வேண்டாம். ஜல்லிக்கரண்டியால் அள்ளி, தொட்டிக்குள் வைத்த பெரிய வடிதட்டில் போடுங்கள். கஞ்சி இறங்கியதும் ஹாட்பேக்கில் தளர்வாகப் போட்டு மூடுங்கள். அமுக்கி அடைத்தால் கட்டியாகிவிடும்.

முதல் ஈடு 11.40க்கு இறங்கும். இதற்குள் இண்டக்‌ஷனில் 3 லிட்டர் வெந்நீர் தயாராக இருந்தால் இரண்டாம் ஈட்டுக்கு நேரம் பாதியாகும். அது 12.20க்கு வெந்து நிற்கும், இரண்டாம் பந்திக்கும் சுடுசோறு கிடைக்கும்.

8. கடைசி ஒன்றரை மணி நேரம்

11 மணிக்குச் சின்ன பர்னரில் ரசம். புளியும் தக்காளியும் கொதித்துப் பச்சை வாசனை போனதும் பருப்புத் தண்ணீர் விட்டு, ஓரமெல்லாம் நுரை கட்டி எழும்பும்போது அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் கொதித்தால் மணம் போய்ப் புளிக்குழம்பு மாதிரி ஆகிவிடும். ரசத்தைச் சூடு காட்டும்போதும் இதே எச்சரிக்கை.

11.40க்கு அப்பளம். பொரித்து, எண்ணெய் வடிந்து, முழுக்க ஆறிய பிறகு மூடி இறுகிய டின்னில் போட்டால் ஒரு மணி நேரம் மொறுமொறுப்பு போகாது. சூட்டோடு மூடினால் அதன் ஆவியிலேயே நமுத்துவிடும்.

வடையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், பார்த்த சமையல்களில் பாதி கடைசி நேரத்தில் தடுக்கி விழுந்தது இங்கேதான். ஊறிய கடலைப்பருப்பைக் கால் மணி நேரம் வடிதட்டில் வைத்துத் தண்ணீரைச் சுத்தமாக இறக்குங்கள். ஒரு கைப்பிடி முழுப்பருப்பை எடுத்து வைத்துக்கொண்டு மீதியைத் தண்ணீர் விடாமல், மிக்சியை விட்டு விட்டு ஓட்டிக் கொரகொரப்பாக அரையுங்கள். எடுத்து வைத்த பருப்பைக் கலந்து மூடி வையுங்கள். வெங்காயமும் உப்பும் இப்போது கூடாது.

மாவை முன்கூட்டியே முழுதாகக் கலந்து வைத்த ஒரு வீட்டில் நடந்ததைப் பார்த்தேன். உப்பு வெங்காயத்தில் இருந்த தண்ணீரை எல்லாம் இழுத்துவிட்டது. தட்டிய வடை உள்ளங்கையை விட்டு வரவில்லை, எண்ணெயில் விழுந்ததோ பொடிப் பொடியாகப் பிரிந்தது. கூடத்தில் ஆட்கள் உட்கார்ந்தாயிற்று. "இன்னும் அஞ்சே நிமிஷம் பெரியம்மா" என்று உள்ளே இருந்து மூன்று தடவை குரல் வந்தது. அரிசி மாவைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டியாக்கி, கடைசியில் கல்லு மாதிரி வடை வந்தபோது சாம்பார் ஆறிப்போயிருந்தது. பெரியம்மா நல்லவர், இரண்டு வாங்கிக்கொண்டார்.

ஆகவே 12 மணிக்கு எண்ணெய் காய வைத்த பிறகுதான் முதல் பாதி மாவுக்கு மட்டும் வெங்காயம், உப்பு. இன்னொரு பாதி இரண்டாம் பந்திக்கு அப்படியே காத்திருக்கட்டும். ஒரு கிள்ளு மாவை எண்ணெயில் போட்டுப் பாருங்கள். உடனே படபடத்து மேலே வந்தால் சரியான காய்ச்சல். ஈரக் கையில் உருட்டி, ஓரம் மெல்லிசாகவும் நடு கொஞ்சம் தடிப்பாகவும் தட்டிப் போடுங்கள். சத்தம் அடங்குகிற நேரம்தான் எடுக்கும் நேரம், உள்ளே ஈரம் வற்றிவிட்டது என்று அர்த்தம். வாணலியில் ஆறு ஏழுக்கு மேல் போட்டால் எண்ணெய் குளிர்ந்து வடை எண்ணெயைக் குடிக்கும்.

வடை பொரிகிற 12 மணிக்கே இண்டக்‌ஷனில் கூட்டுக்குத் தேங்காய் விழுது சேர்த்துச் சூடு காட்டி எடுத்துவிட்டு, அடுத்துச் சாம்பாரை நன்றாக ஒரு கொதி விடுங்கள். வெதுவெதுப்பு போதாது, கொதிக்க வேண்டும். அதன் பின் பாயசத்தைச் சூடாக்கி, இறக்கி வைத்துப் பாலைச் சேருங்கள். வெல்லத்தோடு பால் கொதித்தால் திரிந்துவிடும். தேங்காய்ப் பாலும் அடுப்பில் கொதித்தால் பிரியும். ஏலக்காய், நெய்யில் வறுத்த முந்திரி அப்புறம். முந்திரி ஆகாதவர் வருகிறார் என்றால் அவருக்கு முன்னாலேயே ஒரு கிண்ணம் எடுத்து வையுங்கள்.

பச்சடிக்கு வெங்காயமும் உப்பும் தயிரில் விழுவது இலை போடும்போது. அதற்கு முன் கலந்தால் நீர்த்து, கசப்பும் ஏறும்.

9. இலை போடுவது, பரிமாறும் வரிசை

12.15க்கு நீங்கள் அடுப்படியை விட்டு வெளியே வந்து, முகம் கழுவி, உடை மாற்றி இருக்க வேண்டும். இதையும் அந்தத் தாளில் எழுதுங்கள். எழுதாவிட்டால் நடக்காது.

இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு இடது பக்கம், அகலமான பக்கம் வலது. சோற்றைப் பிசைய வலக்கைக்கு இடம் வேண்டும் என்பதால் இந்த அமைப்பு. பரிமாறுகிறவர் எதிரே நின்று பார்க்கும்போது இது தலைகீழாகத் தெரியும், புதுப் பிள்ளைகள் தடுமாறுவார்கள். ஒரு இலையை நீங்கள் போட்டுக் காட்டி, அதைப் பார்த்து மற்றதைப் போடச் சொல்லுங்கள். தலைவாழை இலை இல்லாமல் ஏடு கிடைத்திருந்தால் இந்தக் கவலை இல்லை.

இலையின் மேல்பாதி முதலில் நிரம்பும்: இடது ஓரத்தில் உப்பு, ஊறுகாய், பிறகு ஒரு கரண்டி பாயசம், பச்சடி, வறுவல், பொரியல், கூட்டு, வடை, அப்பளம். வரிசை வீட்டுக்கு வீடு மாறும், உங்கள் வீட்டுப் பெரியவர் சொல்வதே சரி. ஆட்கள் உட்காரும் முன் காய்கறியையும் ஊறுகாயையும் வைத்துவிடலாம். சோறு மட்டும் உட்கார்ந்த பிறகு. சோறு விழுந்ததும் பருப்பு, நெய். அடுத்த சோற்றுக்குச் சாம்பார், அதற்கடுத்து ரசம், பாயசம், கடைசியாகத் தயிர்.

முதல் சோற்றைக் குறைவாக வையுங்கள். அன்பில் முதலிலேயே மலை மாதிரி குவிக்கிறவர்கள் உண்டு. சாம்பாரோடு வயிறு நிறைந்து ரசத்துக்கு யாரும் வரமாட்டார்கள், நீங்கள் வைத்த 3 லிட்டரும் நின்றுவிடும்.

10. பந்தி நடக்கும்போது

மூன்று பேர் பரிமாறினால் போதும்: ஒருவர் சோறு, ஒருவர் குழம்பு வகை, ஒருவர் காய்கறி. சோற்றுக்காரர் நகர்ந்ததும் குழம்புக்காரர் பின்னாலேயே போக வேண்டும். வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பதுதான் பந்தியில் மோசமான காட்சி. தண்ணீர்ச் சொம்பை ஒரு பிள்ளை கையில் கொடுத்துவிடுங்கள், பெருமையாகச் செய்யும்.

"இன்னும் கொஞ்சம்" என்று உபசரிக்கும்போது முகத்தைப் பார்க்காமல் கையைப் பாருங்கள். வேண்டாம் என்கிற வாய் சம்பிரதாயத்துக்குச் சொல்லும். இலைக்கு மேல் கை குறுக்கே வந்து மறைத்தால் உண்மையிலேயே வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பாயசத்தை வற்புறுத்தி ஊற்றுவது உபசாரம் ஆகாது.

முதல் பந்தி போகும்போதே இரண்டாம் பந்திக்கான வறுவலையும் வடையையும் தனிப் பாத்திரத்தில் எடுத்து மூடி வையுங்கள். கடைசியில் உட்காரப் போவது சமைத்தவர்களும் பரிமாறியவர்களும். அவர்களுக்கு ரசமும் அப்பளத் தூளும் மட்டும் மிஞ்சுகிற வீடுகள் நிறைய.

ஏதாவது தவறினால் சரிக்கட்டும் வழிகள். சாம்பாரில் உப்புக் கூடிவிட்டால், ஒளித்து வைத்த உப்பில்லாத பருப்பையும் ஒரு டம்ளர் வெந்நீரையும் விட்டு ஒரு கொதி. உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுத்துவிடும் என்று சொல்வார்கள். அது கொஞ்சம் சாம்பாரைத்தான் குடிக்கும், மிச்சத்தின் உப்பு அப்படியே இருக்கும். சொல்லாமல் நாலு பேர் கூடுதலாக வந்துவிட்டால் சாம்பாரை இழுக்காதீர்கள், ரசத்தை நீட்டுங்கள்: இரண்டு தக்காளி, கொஞ்சம் ரசப்பொடி, வெந்நீர், புதுத் தாளிப்பு. சோறு குறையும் என்று தோன்றினால் உடனே குக்கரில் அரை கிலோ ஏற்றுங்கள், முதல் பந்தி பாயசத்துக்கு வரும் முன் வெந்துவிடும்.

11. மிஞ்சியதைப் பத்திரப்படுத்துவது

கடைசி இலை எடுத்ததும் படுத்துவிடலாம் என்று தோன்றும். அதற்கு முன் கால் மணி நேர வேலை இருக்கிறது. சமைத்த பண்டம் அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது, சோறும் அப்படித்தான். அரிசியில் இருக்கும் சில கிருமி வித்துகள் வேகும்போதும் சாகாது, வெதுவெதுப்பான சோற்றில் பெருகும். அவை உண்டாக்கும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆழமான பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் தள்ளினால் நடுப்பகுதி ராத்திரி வரை ஆறாது, அதனால் அகலத் தட்டுகளில் பரப்பி ஆற வைத்து உள்ளே வையுங்கள்.

கொடுத்தனுப்புவதானால் வறுவல், வடை, அப்பளம், சாம்பார், ரசம் இவற்றைக் கொடுங்கள். கூட்டும் தேங்காய்ப் பால் பாயசமும் பக்கத்துத் தெருவுக்கு என்றால் சரி. பஸ் ஏறிப் போகிறவர் தூக்குவாளியில் அவை வேண்டாம். வாடகைப் பாத்திரங்களை அன்று மாலையே எண்ணித் தேய்த்துத் திருப்பிவிடுங்கள். அதிகம் காணாமல் போவது கரண்டிதான், பெரும்பாலும் ஏதாவது ஒரு தூக்குவாளிக்குள் போயிருக்கும்.